தேவதை ஈயா, தூவிக்குளவியா?

ஐயா, வணக்கம். பூச்சிகளின் தமிழ்ப் பெயர்ப் பட்டியலுக்காக, மைமாரிடே (Mymaridae) என்னும் மிகச் சிறிய பூச்சிகளின் குடும்பத்துக்கு நீங்கள் சொன்ன 'தேவதை ஈ' காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இது ஈ இல்லையே! ஈக்குச் சிறகு இரண்டு, இதற்கு நான்கு. 'fairyfly' என்ற ஆங்கிலப் பெயரில் உள்ள பிழையை நாமும் எதற்குச் சுமக்க வேண்டும்? குளவி என்றே வைப்போம்.

'முட்டைக்குளவி' என்ற இன்னொரு பெயரும் எனக்கு ஒப்பவில்லை. பிற பூச்சிகளின் முட்டைக்குள் இது முட்டையிடுவது உண்மைதான். டிரைக்கோகிரம்மா என்னும் வேறொரு குளவியும் அதையே செய்கிறது. கரும்புச் சோகையில் அது வளரும் முட்டைகள் ஒட்டிய அட்டையைக் கட்டும் விவசாயிக்கு அதுதான் பழக்கம். இரண்டும் ஒரே பெயரில் குழம்பிவிடும்.

போன வாரம் சோழவந்தான் பக்கம் ஒரு நெல்வயல் வரப்பில் மஞ்சள் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மறுநாள் வடிகட்டிய துணியில் தூசி மாதிரி ஒட்டியிருந்ததை லென்சில் பார்த்தேன். சிறகு தகடாக இல்லை. மெல்லிய காம்பு, முனையில் சற்றே அகலம், சுற்றிலும் நீள நீளமாக மயிர். கோழியின் வயிற்றுப் பக்கம் உதிரும் பஞ்சு போன்ற சின்ன இறகு இருக்குமே, அப்படி. அதற்குத் தமிழில் தூவி என்று பெயர் இருக்கிறது. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் படுக்கையில் பரப்பியிருப்பதும் அன்னத்தின் தூவிதான். மதுரைக்காரனான எனக்கு இந்தச் சொல்லை விட மனம் வரவில்லை.

'உரம் தூவி' என்பதுபோல வினையாகக் கேட்கும் என்று தம்பி ஒருவர் சொன்னார். நியாயமான தடைதான். முதல் இடத்தில் 'தூவிச்சிறகுக் குளவி' என்று எழுதிவிட்டு, அப்புறம் 'தூவிக்குளவி' என்று சேர்த்தே எழுதினால் குழப்பம் வராது.

இக்குடும்பத்தில் 0.139 மில்லிமீட்டரே உள்ள ஓர் ஆணுக்குச் சிறகே கிடையாது, அதற்கும் இந்தப் பெயரா என்று கேட்டிருந்தீர்கள். தீக்கோழி பறக்காவிட்டாலும் பறவைதானே ஐயா? இன்னொரு பக்கம், இதே சிறகைத் துடுப்பாக்கி நீருக்குள் நீந்தும் இனமும் உண்டு. ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் லப்பக் 1862இல் கண்டது. ஆக, இக்குடும்பத்தில் பேச வேண்டியதே சிறகுதான்.

நம் வயலுக்கு வேண்டியது இக்குடும்பத்தின் அனாக்ரஸ் என்னும் பேரினம். நெல் தாளுக்குள் புகையான் என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி பொதித்து வைத்த முட்டையைத் தேடிப்போய்த் தன் முட்டையை இடும். கண்ட மருந்தை அடித்தால் இதுவும் சேர்ந்து சாகும். விவசாயியிடம் "தூவிக்குளவி இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிப் பார்த்தேன். "அதென்ன, கோழித்தூவி மாதிரியா?" என்று அவரே கேட்டார். பட்டியலில் இதையே சேர்த்துவிடலாமா ஐயா?