"மின்சாரம் நம்ம பொறுப்பு இல்லை" என்கிறது கவுன்சில். உள்ளாட்சியால் என்ன செய்ய முடியும்?

புது_கவுன்சிலர் கேட்டது:

வணக்கம். போன தேர்தலில் ஜெயித்து முதல் முறையாக உள்ளே வந்திருக்கிறேன். சமீபத்துப் புயலில் கரன்ட் போய், திரும்ப வர நாட்கணக்கில் ஆனது. முதலில் குடிநீர் மோட்டார் நின்றது, அப்புறம் கழிவுநீர் பம்ப், கடைசியில் செல்போன் டவரும் போய்விட்டது. கூட்டத்தில் கேட்டால், "அது மின் நிறுவனத்தின் பாடு, நமக்கு அதிகாரம் இல்லை" என்று முடித்துவிட்டார்கள். இன்னொன்று: அலுவலக மொட்டை மாடியில் சோலார் இருக்கிறது. புயல் கடந்து நல்ல வெயில் அடித்த அன்றைக்கும் ஒரு பல்பு எரியவில்லை. ஏன்? அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கூரை_சோலார்:

உங்களுடையது ஆன்கிரிட் இன்வெர்ட்டராக இருக்கும், அதாவது மின் நிறுவனத்தின் லைனோடு சேர்ந்தே ஓடுவது. லைனில் கரன்ட் இல்லையென்றால் அது தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் சோலார் கரன்ட் லைனுக்குள் போய், கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர் உயிருக்கு ஆபத்து. கரன்ட் இல்லாத நேரத்திலும் ஓட வேண்டுமானால் பேட்டரியும், லைன் இல்லாதபோது பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் வேண்டும். டெண்டர் விடும்போதே கேட்டிருக்க வேண்டிய விஷயம் இது.

பழைய_எலக்ட்ரிகல்:

நகராட்சி மின் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த "அதிகாரம் இல்லை" பதிலை சர்வீஸ் முழுக்கக் கேட்டிருக்கிறேன். இப்போதும் கோபம்தான் வருகிறது. கரன்ட் கொடுப்பது வேறு ஆள் வேலையாக இருக்கட்டும். கரன்ட் போனால் எதெது நிற்கக் கூடாது என்று முடிவெடுப்பது உங்கள் வேலை. அதை உங்களுக்காக வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

முதலில் பட்டியல் எடுங்கள். குடிநீர், கழிவுநீர், சுகாதார நிலையத்தின் தடுப்பூசி ஃப்ரிட்ஜ் (2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும்), வீட்டில் ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருக்கும் நோயாளிகள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிலோவாட் வேண்டும், கரன்ட் இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எழுதுங்கள்.

"ஜெனரேட்டர் இருக்கிறதே" என்பார்கள். நேரில் போய்ப் பாருங்கள். நான் பார்த்தவரை இஞ்சின் நன்றாகத்தான் இருக்கும், ஸ்டார்ட்டர் பேட்டரி செத்திருக்கும். மாதம் ஒரு தடவை எந்த மோட்டாரையும் இணைக்காமல், லோடே இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நோட்டில் கையெழுத்து போடுவார்கள். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் டீசல் முழுசாக எரியாது. ஜெனரேட்டர் செட் ஆறிய பிறகு சைலன்சர் மூட்டைத் தொட்டுப் பாருங்கள், கறுப்பாகப் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். மோட்டாரை நிஜமாகவே அதில் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். நேரடி ஸ்டார்ட்டர் உள்ள மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரன்ட் இழுக்கும். செட் படுப்பது அந்த நொடியில்தான்.

டீசலை நம்பியும் உட்கார முடியாது. 2012-இல் சாண்டி சூறாவளி அடித்தபோது நியூயார்க், நியூஜெர்சி பகுதியில் பல பெட்ரோல் பங்குகளில் எண்ணெய் இருந்தது, பம்ப் ஓட்டக் கரன்ட் இல்லை. ஒரு பங்கோடு முன்னாடியே ஒப்பந்தம் போட்டு, அங்கே ஜெனரேட்டர் இணைக்க வசதி செய்து வையுங்கள்.

மேல்நிலைத் தொட்டி நிறைந்திருந்தால் அதுதான் உங்களிடம் உள்ள மலிவான பேட்டரி. எச்சரிக்கை வந்த உடனே நிரப்பச் சொல்ல யார் அனுமதியும் தேவையில்லை.

காற்றாடி:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் புயல் நேரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். 1973 எண்ணெய் நெருக்கடியில் அடிபட்ட டென்மார்க், 1979-இல் ஒரு சட்டம் போட்டு வீடுகளின் வெப்பத் தேவைக்குத் திட்டம் போடும் பொறுப்பை நகராட்சிகளிடமே கொடுத்தது. அதே நாட்டில் சாம்சோ தீவுக்காகக் கடலில் நிற்கும் 10 காற்றாலைகளில் 5 உள்ளாட்சிக்குச் சொந்தம். ஹாம்பர்க்கில் 2013-இல் மக்கள் வாக்களித்து மின் கட்டமைப்பை நகரத்தின் கைக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய இடமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நம் கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006-இலேயே 350 கிலோவாட் காற்றாலை சொந்தமாக வாங்கிவிட்டது. "நமக்கு அதிகாரம் இல்லை" என்று சொல்பவரிடம் இதைக் காட்டுங்கள்.

பழைய_எலக்ட்ரிகல்:

காற்றாடி, மறுக்கவில்லை. ஆனால் காற்றாலை சொந்தமாக இருப்பதாலேயே புயலன்று மோட்டார் ஓடிவிடாது. அந்த மின்சாரமும் அதே லைனில்தான் வர வேண்டும். வரவுசெலவுக்கும் வருங்காலத்துக்கும் அது நல்லது. முதல் தீர்மானம் தண்ணீருக்கு இருக்கட்டும்.

புது_கவுன்சிலர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நாளைக்கே பம்ப் ஹவுஸ் போகிறேன். தீர்மானத்தில் கட்டாயம் இருக்க வேண்டியது என்ன சார்?

பழைய_எலக்ட்ரிகல்:

மூன்று வரி போதும். பம்ப் ஹவுஸிலும் சுகாதார நிலையத்திலும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச்சோடு (லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) ஜெனரேட்டர் இணைப்பு. மாதாமாதம் முழு லோடில் சோதனை, அன்றைக்கு ஒரு கவுன்சிலர் நேரில் இருக்க வேண்டும். ஆக்சிஜன் மெஷின் உள்ள வீடுகளின் பட்டியல், அதைப் புதுப்பிக்கும் ஊழியரின் பதவியோடு. பதவியைக் குறிப்பிடாமல் விட்டால் அந்தப் பட்டியல் மேசை டிராயரிலேயே கிடக்கும்.