100 மி.மீ. தகட்டில் வெட்டு பாதியில் நின்றுபோகிறது: சிஎன்சி கேஸ் கட்டிங்

கேள்வி

வணக்கம். சிஎன்சி (கணினி புரோகிராம் இயக்கும்) மேசையில் ஆக்சிஜனும் எல்பிஜியும் கொண்டு மைல்டு ஸ்டீல் தகடுகளை வெட்டி வருகிறோம். 50 மி.மீ. தடிமன் வரை எந்தக் குறையும் இல்லை. ஆனால் 100 மி.மீ. தகட்டில், விளிம்பிலிருந்து தொடங்கும் வெட்டு முதலில் ஒழுங்காக இறங்கினாலும், சிறிது தூரம் சென்றபின் தீப்பொறி கீழே கொட்டுவது நின்று, கசடு மேலே கொப்பளிக்கிறது. வெட்டு முகத்தில் உள்ள கோடுகள் அடிப்பகுதியை நெருங்க நெருங்கப் பின்னோக்கி வளைகின்றன. மூலைகளில் மேற்பக்கம் வெட்டுப்பட்டும் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டே நிற்கிறது.

நாசில் (வாயு வெளிவரும் முனை) அட்டவணை சொல்லும் 6 பார் அழுத்தத்தையே சிலிண்டர் ரெகுலேட்டரில் வைத்திருக்கிறோம். வேகம் நிமிடத்திற்கு 180 மி.மீ.; அதை 140 ஆகக் குறைத்தும் பெரிய மாற்றமில்லை. கோளாறு புரோகிராமில் இருக்குமா?

முதல் பதில்

புரோகிராமைத் தேடும் முன் ஆக்சிஜன் ஓட்டத்தைப் பாருங்கள். இந்த முறையில் எஃகை உருக்கி வெட்டுவதில்லை. ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறிய இரும்பு தூய ஆக்சிஜனில் எரிகிறது, எரிந்து உருவான ஆக்சைடை அதே ஆக்சிஜன் தாரை கீழே தள்ளிவிடுகிறது. தடிமன் கூடக் கூட, அடிப்பகுதியைச் சென்றடையும் ஆக்சிஜன் பாதி வேலையை முடித்துக் களைத்துப்போன ஆக்சிஜனாகவே இருக்கும். கோடுகள் பின்னோக்கி வளைந்தால் பொதுவாக வேகம் அதிகம் என்பார்கள். வேகத்தைக் குறைத்தும் வளைவு நீங்கவில்லை என்றால், தாரையில் ஆக்சிஜன் போதவில்லை என்றே நான் கொள்வேன்.

நீங்கள் குறிப்பிடும் 6 பார், வெட்டு ஆக்சிஜன் மூடியிருக்கும்போது பார்த்த அளவா, திறந்திருக்கும்போது பார்த்ததா? அட்டவணையில் உள்ள எண், ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கையில் டார்ச்சின் (நாசில் பொருத்திய வெட்டுக் கருவியின்) நுழைவாயிலில் இருக்கவேண்டிய அழுத்தம். அங்கே ஒரு கேஜ் பொருத்தி, திறந்த நிலையில் அளந்து சொல்லுங்கள். ஒற்றைச் சிலிண்டரிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் அதுவும் கவனத்திற்குரியது: 150 பாரில் நிரப்பிய 50 லிட்டர் சிலிண்டரில் இருப்பது சுமார் 7.5 கன மீட்டர் மட்டுமே, இந்தத் தடிமனுக்கு அது ஒரு மணி நேரம் தாங்குவதே கடினம்.

கேட்டவர்

அளந்து பார்த்தோம். மூடியிருக்கும்போது 6 பார். திறந்தவுடன் 4 பாருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நாலு சிலிண்டர்களை மேனிஃபோல்டில் (பொதுக் குழாயில்) இணைத்துத்தான் எடுக்கிறோம். அப்படியானால் ரெகுலேட்டரை 8 பாருக்கு ஏற்றிவிட்டால் போதுமா?

இரண்டாம் பதில்

இழப்பு அரை பார் அளவில் இருந்தால் ரெகுலேட்டரை ஏற்றி ஈடுகட்டுவது சரியான வழிதான். இரண்டு பாருக்கு மேல் இழக்கிறீர்கள் என்றால் வழியில் எங்கோ நெருக்கடி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அழுத்தத்தை மட்டும் ஏற்றினால், பின்னாளில் அடைப்பு நீங்கும்போது நாசிலுக்கு அளவுக்கு மீறிய அழுத்தம் போகும். ஒவ்வொரு நாசிலின் துளையும் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்காகவே வடிவமைக்கப்பட்டது. அதைத் தாண்டினால் தாரை சிதறி, வெட்டு அகன்று, முகம் கரடுமுரடாகும்.

நான் முதலில் சந்தேகிப்பது ஃபிளாஷ்பேக் அரெஸ்டரை, அதாவது சுடர் குழாய்க்குள் பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் பாதுகாப்புக் கருவியை. கைட்டார்ச்சுக்கு ஏற்ற சிறிய அரெஸ்டர் 50 மி.மீ. தகட்டுக்குப் போதுமான ஆக்சிஜனை விட்டாலும், 100 மி.மீ.க்கு வேண்டிய அளவை விடாது. உள்ளே உள்ள வடிகட்டியில் தூசி அடைத்திருந்தால் இன்னும் மோசம். அடுத்து ஹோஸின் உள்விட்டம், அதன் பிறகு சோலினாய்டு வால்வின் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வின்) துளை. கேஜை இவை ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் மாற்றி வைத்தால் எந்த இடத்தில் அழுத்தம் விழுகிறது என்பது தெரிந்துவிடும். சோதனைக்காகக்கூட அரெஸ்டரைக் கழற்றிவிட்டு டார்ச்சைப் பற்றவைக்காதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அதிக ஓட்டம் தரும் அரெஸ்டரை வாங்கிப் பொருத்துங்கள்.

தகட்டைச் சூடேற்றும் முன்சூட்டுச் சுடரையும் வெட்டு ஆக்சிஜன் திறந்திருக்கும்போதே சரிசெய்யுங்கள். இரண்டுக்கும் ஒரே குழாய் என்றால், மூடிய நிலையில் நியூட்ரலாக (எரிவாயுவும் ஆக்சிஜனும் சரியான விகிதத்தில்) வைத்த சுடர், திறந்தவுடன் ஆக்சிஜன் குறைந்து சூடிழக்கும். எல்பிஜிக்கு அசிட்டிலினைவிட முன்சூட்டு ஆக்சிஜன் பல மடங்கு வேண்டும் என்பதால் இந்தக் குறை உங்களுக்குக் கூடுதலாகவே தெரியும்.

கேட்டவர்

அழுத்தம் விழுவது அரெஸ்டரில்தான். பெரியதை மாற்றிய பின் ஓட்டத்திலும் 6 பார் நிற்கிறது, நேர்கோட்டு வெட்டு கடைசிவரை அறுபடாமல் போகிறது. மூலைகளில் மட்டும் அடிப்பக்கம் இன்னும் ஒட்டிக்கொள்கிறது.

மூன்றாம் பதில்

அது ஆக்சிஜன் குறையால் வருவதன்று. நல்ல வெட்டிலும் தாரையின் அடிப்பகுதி மேற்பகுதிக்குச் சற்றுப் பின்தங்கியே வரும். இந்தப் பின்தங்கல் தடிமனில் 10 விழுக்காடு என்று கொண்டால், உங்கள் தகட்டில் அது 10 மி.மீ. டார்ச் மூலைக்கு வந்து உடனே திரும்பும்போது, கீழே இன்னும் மூலைக்கு வந்து சேராத தாரை குறுக்கே திரும்பிவிடுகிறது, அங்கே ஒரு சிறு முக்கோணம் வெட்டுப்படாமல் நிற்கிறது. மூலைக்கு 20 மி.மீ. முன்பிருந்தே வேகத்தைப் படிப்படியாகப் பாதியாக்கி, மூலையில் அடிப்பகுதி வந்து சேரும் அளவுக்கு மட்டும் நிறுத்தித் திரும்புங்கள். அதிகம் நின்றால் மேல்விளிம்பு உருகி மழுங்கும். பாகத்தின் வெளிப்பக்கம் கழிவாகப் போகும் இடமென்றால், மூலையைத் தாண்டி வெளியே ஓடி ஒரு வளையம் போட்டுத் திரும்பும்படி பாதையை அமைப்பது இன்னும் நல்லது. வெட்டின் முடிவிலும் இதையே கவனியுங்கள்: மேற்பக்கம் முடிந்த கணமே ஆக்சிஜனை மூடினால், அடியில் சில மில்லிமீட்டர் ஒட்டிக்கொண்டு பாகம் விழாமல் நிற்கும்.