சென்சார் சான்றிதழ் வந்த பிறகும் அரசியல் படத்தை நிறுத்த முடியுமா?

மாலைக்காட்சி78 கேட்டது:

உள்ளாட்சித் தேர்தலை வைத்து எடுக்கிற தமிழ்ப் படம் ஒண்ணு. எடிட் முடியப் போகுது, சென்சாருக்கு இன்னும் அனுப்பலை. கட்சிப் பேரு, சின்னம் எல்லாம் கற்பனைதான். ஆனா கொடியில இருக்கிற ரெண்டு நிறமும், ஒரு தலைவரோட மேடைப் பேச்சு ராகமும் யாரைச் சொல்லுதுன்னு சின்னப் பிள்ளைக்கும் புரியும். சாதிப் பேரு ரெண்டு இடத்துல நேராவே வருது.

நாலு கேள்வி. சென்சார் வாரியத்தோட ஆய்வுக் குழு வெட்டச் சொன்னா அடுத்து எங்க போறது? டெல்லியில ட்ரிப்யூனல்னு ஒண்ணு உண்டுன்னு சொல்றாங்களே, அது இருக்கா? சான்றிதழ் கையில இருக்கும்போது கலெக்டரோ கமிஷனரோ படத்தை நிறுத்தலாமா? ஓடிடிக்கு நேரா போயிட்டா இந்தத் தலைவலி இல்லையா?

"பேசாம வெட்டிடுங்க", "கோர்ட்டுக்குப் போங்க"ன்னு ஒரு வரியில சொல்லாம, வேலை தெரிஞ்சவங்க விவரமா சொன்னா உதவியா இருக்கும்.

ரீல்_ஆறு எழுதியது:

ட்ரிப்யூனல் இல்லை. 2021 ஏப்ரலில் ஒரு அவசரச் சட்டத்தில் எஃப்சிஏடி என்ற அந்த ட்ரிப்யூனலைக் கலைத்துவிட்டார்கள். இப்போது 1952 சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 5சி பிரிவில் மேல்முறையீடு நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. 30 நாள் கெடு. ட்ரிப்யூனலில் படத்தைப் போட்டுக் காட்டிப் பேசி முடித்துக்கொண்டு வந்தது ஒரு காலம். இப்போது வக்கீல், மனு, பட்டியலில் வரும் தேதி என்று ஆகிவிட்டதால், சண்டையை முதல் இரண்டு படியிலேயே முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

முதல் படி ஆய்வுக் குழு. முழுநீளப் படத்துக்கு ஆலோசனைக் குழு உறுப்பினர் நான்கு பேர், கூட ஒரு அதிகாரி. படம் முடிந்ததும் உங்களை உள்ளே கூப்பிட்டுக் கேட்பார்கள். பலர் இதை 'ரிசல்ட் சொல்ற இடம்' என்று நினைத்துக்கொண்டு மேனேஜரை மட்டும் அனுப்பிவிடுகிறார்கள். உண்மையான விசாரணையே அதுதான். இயக்குநரும் எடிட்டரும் கண்டிப்பாகப் போகணும். ஒவ்வொரு வெட்டுக்கும் "எந்த வழிகாட்டு விதி?" என்று கேட்டு, காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். 1991 டிசம்பர் 6-ம் தேதி வழிகாட்டு நெறிகள்தான் அடிப்படை. அரசியல் படத்துக்கு வழக்கமாக மேலே விழுவது நாலைந்துதான்: இனம், மதம் அல்லது மற்றக் குழுக்களை இழிவுபடுத்துவது, வகுப்புவாதம் அல்லது தேச விரோதப் போக்கு, பொது ஒழுங்கு, தனிநபர் அல்லது ஒரு குழுவினர் மீதான அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு.

இந்தப் பட்டியலில் 'அரசை விமர்சிப்பது' கிடையாது. எந்தக் காரணத்துக்குச் சான்றிதழ் மறுக்கலாம் என்று சொல்லும் 5பி பிரிவிலும் கிடையாது. அதனால் கொள்கை, திட்டம், ஊழல், இலவசம் என்று பேசும் வசனத்தை வெட்டச் சொன்னால் எந்த உட்பிரிவு என்று கேட்டாலே பாதி ஆட்சேபம் பலவீனமாகிவிடும். அவதூறு மட்டும் நிஜமான கண்ணி. "எல்லாக் கட்சியும் திருடன்" என்பது கருத்து. அடையாளம் தெரிகிற, உயிரோடிருக்கிற ஒருவர் இன்ன வருடம் இன்ன குற்றம் செய்தார் என்று பாத்திரம் சொன்னால் அது குற்றச்சாட்டு. உங்கள் ஸ்கிரிப்ட்டில் இரண்டாம் ரக வசனம் எத்தனை என்று இப்போதே கணக்கெடுங்கள். கொடியின் நிறம், பேச்சு ராகம் எல்லாம் அவ்வளவு ஆபத்தில்லை.

சாதிப் பேருக்குப் பதில் தயாராக இருக்கணும். யார் சொல்கிறார், எதிர்ப் பாத்திரம் என்ன பதில் சொல்கிறது, கதை அந்த ஆளை எங்கே கொண்டு நிறுத்துகிறது என்று காட்சி எண், டைம்கோடோடு ஒரு பக்கக் கடிதம். படத்தை மொத்தமாகப் பார்த்து, அதன் ஒட்டுமொத்தத் தாக்கத்தை வைத்துத்தான் எடை போடணும் என்று அதே வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அந்த வரியைக் கடிதத்தில் மறக்காமல் சேருங்கள்.

ஒத்துவரலைன்னா மறுஆய்வுக் குழு. அங்கே ஆட்கள் வேறு, எண்ணிக்கையும் கூட. முதல் குழுவிடம் "சரி, இதை மட்டும் மியூட் பண்றேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுஆய்வுக்குப் போனால் அந்த வசனத்தை மறுபடி கேட்டு வாங்குவது கஷ்டம்.

மியூட் பற்றி ஒரு சின்ன விஷயம். ஒலியில் சொல்லை எடுத்துவிட்டு சப்டைட்டிலில் அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. சான்றிதழின் இரண்டாம் பகுதியில் வெட்டுகள் பதிவாகியிருக்கும்; தியேட்டரில் ஓடும் பிரதி அதோடு ஒத்துப்போகலைன்னா அது தனிக் குற்றம்.

2024 விதிகளின்படி மொத்தச் செயல்முறைக்கும் 48 வேலை நாட்கள் வரம்பு. முன்னுரிமைக்கு வழியுண்டு, ஆனால் அதை நம்பி ரிலீஸ் தேதியை போஸ்டரில் போடாதீர்கள். தேதி அறிவித்த தயாரிப்பாளருக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவர் அவசரப்பட வேண்டியதே இல்லை. 2025-ல் மலையாளத்தில் 'ஜானகி' என்ற பாத்திரப் பெயரே பிரச்சினையாகி, கேரள உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் தலைப்பில் ஒரு 'வி' சேர்த்து, வசனத்தில் சில இடங்களில் பெயரை மியூட் செய்து ஜூலை 17-ல்தான் வெளியானது. நீதிமன்றத்தில் வாதம் பலமாகவே இருந்தது. ஆனால் ரிலீஸ் தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளும் வட்டி ஓடும்.

பிரிவு_ஏழு எழுதியது:

சான்றிதழ் இருந்தும் படத்தை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மாலைக்காட்சி சார்.

சட்டம் உங்கள் பக்கம். ஆனால் நிறுத்தும் அதிகாரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது இரண்டு வழியாக வரும். ஒன்று, 1955-ம் ஆண்டின் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம். அமைதி குலையும் என்று கருதினால் திரையிடலை நிறுத்திவைக்கலாம் என்கிறது. மற்றொன்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 144-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163. இதில் ஆணை அதிகபட்சம் இரண்டு மாதம். பாதிக்கப்பட்டவர் மனுக் கொடுத்தால் ஆணை போட்டவரே விசாரித்துத் திரும்பப் பெறவும் இடமுண்டு. உயர் நீதிமன்றத்துக்கு ஓடும் அதே நாளில் அந்த மனுவையும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். யாரும் செய்வதில்லை.

மனுவில் வர வேண்டிய தீர்ப்புகள் மூன்று. 1989-ல் ரங்கராஜன் எதிர் ஜெகஜீவன் ராம்: இட ஒதுக்கீட்டைத் தொட்ட 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, உச்ச நீதிமன்றம் திரும்பக் கொடுத்தது. ஆர்ப்பாட்டம், ஊர்வலம், வன்முறை மிரட்டல் ஆகியவற்றுக்காகக் கருத்தை அடக்க முடியாது. கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது என்றது. 2011-ல் பிரகாஷ் ஜா வழக்கு: இவர் எடுத்த 'ஆரக்ஷன்' என்ற இந்திப் படத்தை, ஓடத் தொடங்கும் முன்பே உத்தரப் பிரதேசம் நிறுத்தியது. அங்குள்ள சட்டத்தின் வாசகப்படி, திரையில் ஓடிக்கொண்டிருக்கும் படத்தைத்தான் நிறுத்தி வைக்கலாம் என்று கோர்ட் சொன்னது. நம் மாநிலச் சட்டத்தின் வாசகத்தையும் அதோடு வைத்து வக்கீலிடம் ஒப்பிடச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் மிக முக்கியம், ஆனால் தமிழில் யாரும் பேசாதது. வங்காளப் படம் 'பவிஷ்யோதேர் பூத்'. 2019 பிப்ரவரி 15-ல் ரிலீஸ். அதற்கு முன்பே காவல்துறையின் உளவுப் பிரிவிலிருந்து, மூத்த அதிகாரிகளுக்குத் தனியாகப் போட்டுக் காட்டும்படி தயாரிப்பாளருக்குக் கடிதம். மறுநாளே பெரும்பாலான தியேட்டர்களில் படம் இல்லை. தடை ஆணை என்று ஒரு காகிதமும் இல்லை. ஏப்ரல் 11-ல் உச்ச நீதிமன்றம் மேற்கு வங்க அரசு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. வழக்குச் செலவு தனியே 1 லட்சம்.

காகிதமே இல்லாத தடையை அவர்கள் நிரூபித்தது எப்படி? போலீஸ் கடிதமும், மேலிடத்து உத்தரவு என்று தியேட்டர் தரப்பு எழுத்தில் சொன்னதும் கையில் இருந்தன. நீங்களும் அதையே செய்யுங்கள். ரிலீஸுக்குப் பத்து நாள் முன்பே சான்றிதழ் நகல், தியேட்டர் பட்டியலோடு உள்துறைச் செயலர், டிஜிபி, கலெக்டர்கள், கமிஷனர்களுக்குப் பாதுகாப்புக் கோரிக் கடிதம், ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை. எந்த ஸ்டேஷனிலிருந்தாவது போன் வந்தால், "நீங்கள் இன்று இத்தனை மணிக்குச் சொன்னபடி..." என்று அவர்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். தியேட்டர் ஷோவை ரத்து செய்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முன்பதிவுப் பக்கத்தை நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தனிநபர் யாராவது சிவில் வழக்குப் போட வாய்ப்பிருந்தால் கேவியட், அதாவது நம்மைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்ற முன்மனு, போடுங்கள். 90 நாள் தாங்கும். ஆனால் எதிராளி பெயரை ஊகித்துத்தான் போட முடியும்.

பால்கனி_டிக்கெட் எழுதியது:

பிரிவு_ஏழு அண்ணே, தீர்ப்பெல்லாம் தங்கம். அடகு வெச்சு வெள்ளிக்கிழமை ஷோ போட முடியுமா?

2013-ஐ எடுத்துக்குங்க. 'விஸ்வரூபம்' ஜனவரி 25 ரிலீஸ். சான்றிதழ் இருக்கு. 31 மாவட்டக் கலெக்டர்கள் 144 போட்டாங்க, 15 நாளுக்கு. 29-ந் தேதி ராத்திரி தனி நீதிபதி தடையை நிறுத்தி வெச்சார். மறுநாளே ரெண்டு நீதிபதி உட்கார்ற டிவிஷன் பெஞ்ச் அந்த உத்தரவுக்கு ஸ்டே குடுத்துச்சு. கடைசியில ஏழு இடத்துல கை வைக்க ஒத்துக்கிட்டுத்தான் பிப்ரவரி 7-ல படம் வந்துச்சு. ரங்கராஜன் தீர்ப்பு அப்பவும் இருந்துச்சு, 24 வருஷமா.

இப்ப ஃபேஷன் வேற. ஆணையே போட மாட்டாங்க. 2018-ல 'சர்கார்' சான்றிதழோட ஓடிக்கிட்டிருந்த படம். தியேட்டர் வாசல்ல பேனரைக் கிழிச்சாங்க, இலவச மிக்ஸியை நெருப்புல போடுற காட்சியும் வில்லி பேரும் போச்சு. அதுக்கு முந்தின வருஷம் 'மெர்சல்' ஜிஎஸ்டி வசனத்துக்கு எதிரா வந்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடியே பண்ணிடுச்சு, வசனம் பிழைச்சுது. வித்தியாசம் என்ன? ஒண்ணு கோர்ட்டுக்குப் போச்சு, இன்னொண்ணு தெருவுல முடிஞ்சுது. 2025-ல 'எம்புரான்' 24 மாற்றம், "தாமாக முன்வந்து". இந்த 'தாமாக' எந்தத் தீர்ப்பிலும் வராது. எதிர்க்க ஆணை இல்லை, அதனால முன்னுதாரணமும் இல்லை.

இன்னொண்ணு, இது ஒரு கொள்கைக்காரங்களோட சொத்து இல்லை. 2023-ல 'தி கேரளா ஸ்டோரி'யை மேற்கு வங்கம் தடை பண்ணுச்சு, உச்ச நீதிமன்றம் நிறுத்தி வெச்சுது. தமிழ்நாட்டுல தடையே இல்லைன்னு அரசு சொல்லுச்சு, ஆனா தியேட்டர்காரங்க எடுத்துட்டாங்க. பாதுகாப்பு குடுங்க, மறைமுகமா தடுக்காதீங்கன்னு இங்கயும் உத்தரவு வந்துச்சு. நமக்குப் பிடிக்காத படத்துக்கு அப்படி நடந்தப்ப கைதட்டினவங்கதான் நம்ம படத்துக்கு நடக்கும்போது கருத்துரிமை பேசறாங்க. 2025 ஜூன்ல 'தக் லைஃப்' கர்நாடகாவுல மாட்டினப்பவும் அதே கோர்ட், அதே வாதம். சான்றிதழ் இருக்கிற படத்தைக் கும்பல் நிறுத்த முடியாதுன்னு சொல்லிச்சு. 5-ந் தேதி ரிலீஸ், வழக்கு முடிஞ்சது 19. தமிழ்ப் படத்துக்கு ரெண்டு வாரம்னா என்னன்னு விநியோகஸ்தரைக் கேளுங்க.

அதனால காசு இருந்தா சண்டை போடுங்க. இல்லைன்னா விநியோக ஒப்பந்தத்துலயே எழுதுங்க: மூன்றாம் ஆள் மிரட்டலுக்காக வெட்டுறதை முடிவு பண்ற உரிமை யாருக்கு, அட்வான்ஸ் திரும்பக் குடுக்கணுமா, எத்தனை நாள் காத்திருக்கணும். இந்த மூணு வரி இல்லாத ஒப்பந்தம்தான் இயக்குநரை ராத்திரி பதினோரு மணிக்கு எடிட் ரூமுக்கு இழுத்துட்டுப் போகுது.

மாலைக்காட்சி78 எழுதியது:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். சான்றிதழ் வாங்கின பிறகு நாமளே வெட்டினா மறுபடி சென்சாருக்குப் போகணுமா? ஓடிடி பத்தி யாரும் சொல்லலையே.

ரீல்_ஆறு எழுதியது:

போகணும். ஒரு சொல்லை மியூட் செய்தாலும் வாரியத்துக்குத் தெரிவித்து, சான்றிதழில் பதிவு வாங்கிய பிறகுதான் ஓட்டலாம். கூட்டினாலும் குறைத்தாலும் அதேதான்.

டெக்னிக்கலாகவும் யோசியுங்கள். முழு டிசிபியை (தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதி) மறுபடி அனுப்ப வேண்டியதில்லை. மாறிய ரீலுக்கு மட்டும் துணைப் பொதி செய்து பழையதோடு சேர்க்கலாம். ஆனால் அது புது சிபிஎல் (ரீல்களை எந்த வரிசையில் ஓட்டுவது என்ற பட்டியல்), அதனால் ஒவ்வொரு திரைக்கும் புது கேடிஎம் (பிரதியைத் திறக்கும் டிஜிட்டல் சாவி). சிக்கல் என்னவென்றால், ஏற்கனவே கொடுத்த கேடிஎம் அதன் காலம் முடியும் வரை பழைய பதிப்பைத் திறந்துகொண்டேயிருக்கும். ஒரு ஊரில் வெட்டியது, பக்கத்து ஊரில் வெட்டாதது என்று ஓடி வம்பாவது இதனால்தான். பிரச்சினை வரும் என்று தெரிந்த படத்துக்கு கேடிஎம்மை இரண்டு வாரத்துக்கு மொத்தமாகக் கொடுக்காமல், முதலில் வெள்ளி முதல் ஞாயிறு வரை மட்டும் கொடுங்கள். தெலுங்கு டப்பிங் இருந்தால் அதற்குத் தனிச் சான்றிதழ், தனி மாற்றம். தியேட்டரில் போடும் ட்ரெய்லருக்கும் தனி.

பிரிவு_ஏழு எழுதியது:

ஓடிடிக்கு முன்தணிக்கை இல்லை. 2021 பிப்ரவரி ஐடி விதிகளின்படி தளமே வயது வகை போடும். புகார் வந்தால் 15 நாளில் குறைதீர் அதிகாரி பதில் சொல்ல வேண்டும், அதற்கு மேல் இரண்டு அடுக்கு. சுதந்திரம் போலத் தெரியும். 'அன்னபூரணி' 2023 டிசம்பர் 1-ல் சான்றிதழோடு தியேட்டரில் ஓடிய படம். ஓடிடிக்கு வந்ததும் வெளி மாநிலங்களில் புகார், எஃப்ஐஆர். 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் எடுத்துவிட்டது. தியேட்டரில் கலெக்டர் ஆணை என்று எதிர்க்க ஏதாவது கிடைக்கும். தளம் தானாக எடுத்தால் அது அவர்களுக்கும் தயாரிப்பாளருக்குமான ஒப்பந்த விவகாரம்.

ஒப்பந்தத்தில் இரண்டைப் பாருங்கள். படத்தை நீக்கினால் மீதித் தொகை உண்டா, உரிமை எத்தனை நாளில் உங்களிடம் திரும்பும்? வரைவு ஒப்பந்தங்களில் பெரும்பாலும் 'எந்தப் புகாருக்கும் தயாரிப்பாளரே பொறுப்பு' என்று ஒரு ஷரத்து இருக்கும். அதை 'நீதிமன்றத் தீர்ப்பு வந்தால்' என்று சுருக்கக் கேளுங்கள். எஃப்ஐஆர் எந்த மாநிலத்திலும் போடலாம். மத உணர்வைப் புண்படுத்தியது என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) 299, பிரிவினரிடையே பகை என்றால் 196. முன்ஜாமீனுக்கு வக்கீல் கேட்கும் முதல் காகிதம் சென்சார் சான்றிதழ்தான். தியேட்டருக்குப் போகாமல் நேரே ஓடிடிக்குப் போகும் படத்துக்கு அது இருக்காது.

பால்கனி_டிக்கெட் எழுதியது:

அதுக்காகவே தியேட்டர் ரிலீஸ் இல்லைன்னாலும் சென்சார் பண்ணி வெச்சுக்கிறது நல்லது. ஒரே ஒரு எச்சரிக்கை: சென்சார் பண்ணின பதிப்பையும் ஓடிடிக்குக் குடுக்கிற 'அன்கட்' பதிப்பையும் குழப்பிக்காதீங்க. வெட்டின வசனத்தை ஓடிடியில மறுபடி சேர்த்தா, அந்த வசனத்துக்குச் சான்றிதழை நீட்ட முடியாது.