மஹிந்திரா எஃப்.சி. 150: பெட்ரோல் இன்ஜின் போய்விட்டது, எதைப் போடலாம்?

கோத்தகிரி பிக்கப்

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா வாங்கி, பச்சைத் தேயிலை ஏற்றி ஓட்டிய 1970 மாடல் மஹிந்திரா எஃப்.சி. 150 எங்களிடம் இருக்கிறது. மூக்கே இல்லாமல் முகம் தட்டையாக இருக்குமே, அந்த வண்டிதான். போன மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறும்போது ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்துவிட்டது, கவனிக்காமல் ரெண்டு வளைவு ஓட்டிவிட்டேன், அப்புறம் பதற்றத்தில் சூட்டோடு பச்சைத் தண்ணீரையும் ஊற்றிவிட்டேன். இப்போது ஆயிலில் தண்ணீர் கலக்கிறது, ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டர் பக்கம் பிளாக்கில் விரிசல். மெக்கானிக் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு பழைய ஜீப்பில் வந்த பியூஜோ டீசல் இன்ஜின் போடு என்கிறார். இன்னொருவர் மஹிந்திராவின் 2.5 லிட்டர் டீசலான 2.5 டி.ஐ. போடச் சொல்கிறார். மாதத்துக்கு நாலு தடவை எஸ்டேட்டுக்கும் ஊருக்கும் போய் வந்தால் போதும், ஆனால் வண்டி நிற்கக் கூடாது. எது சரி?

பட்டறைக்காரன்

தம்பி, குதிரைத்திறனைப் பார்த்து முடிவு செய்யாதீங்க, இந்த வண்டியில் இடம்தான் எல்லாம். சாதாரண ஜீப்பில் பானெட்டுக்கு அடியில் இன்ஜின் இருக்கும், எஃப்.சி.யில் அது டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில், முன் ஆக்ஸிலை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. மேலே மூடி இடிக்கும், கீழே சம்ப் (ஆயில் தொட்டி) ஆக்ஸிலில் இடிக்கும். பட்டறையில் தரையில் வைத்துப் பார்க்கும்போது எல்லா இன்ஜினும் உள்ளே போகிற மாதிரிதான் தெரியும். ஸ்பிரிங் முழுசாக அமுங்கும்போது ஆக்ஸில் எவ்வளவு மேலே வருகிறது என்பதை அளந்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

அந்த பியூஜோ டீசல், அதாவது 4.90 பற்றி ஒன்று சொல்கிறேன். 2112 சி.சி., நிமிடத்துக்கு 4500 சுற்றில் 62 குதிரைத்திறன், டார்க் (முறுக்கு விசை, அதாவது இழுவை) 2000 சுற்றில் 12 கிலோகிராம்-மீட்டரை ஒட்டி. உங்கள் பழைய பெட்ரோல் இன்ஜின் ஹரிக்கேன் 2.2 லிட்டர், 4000 சுற்றில் 75 குதிரைத்திறன், டார்க் அதே 2000 சுற்றில் 15-க்கு மேல். பழைய அமெரிக்கக் கணக்கில் கொஞ்சம் தாராளமாகத்தான் சொல்வார்கள், அதைக் கழித்தாலும் ஏற்றத்தில் பியூஜோ இதைவிட நன்றாக இழுக்கும் என்று நான் சொல்லமாட்டேன். டீசல் என்றாலே இழுவை அதிகம் என்று ஒரு நினைப்பு, அது எல்லா டீசலுக்கும் பொருந்தாது. 2.5 டி.ஐ. கீழ்ச்சுற்றில் உண்மையாகவே இழுக்கும், ஆனால் அந்த அதிர்வு முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கும், சேசிஸில் மவுண்டிங் புதிதாக அடிக்க வேண்டும்.

எம்.எம்.540 ஓட்டுநர்

நான் பன்னிரண்டு வருஷமாக பியூஜோ ஓட்டுகிறேன், செலவு குறைவு, அதை மறுக்க முடியாது. மலைக் குளிரில் காலையில் ஹீட்டர் பிளக் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மாதம் நாலு தடவை ஓடுகிற வண்டிக்கு டீசலில் மிச்சமாகிற காசு, மாற்றுகிற செலவை எப்போது எடுக்கும்? அண்ணன் சொல்லாத ஒன்று, பழைய மூன்று கியர் பாக்ஸோடு வேறு இன்ஜினைச் சேர்க்க அடாப்டர் பிளேட் கடைவார்கள். அந்தப் பிளேட்டின் மையம் துளி விலகினாலும் கியர் பாக்ஸ் பேரிங் சீக்கிரம் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு வண்டியில் ஆறே மாதத்தில் போனது. லேத்தில் டயல் கேஜ் வைத்துப் பார்க்கிறார்களா என்று நேரில் நின்று பாருங்கள். உங்கள் ஆக்ஸில் 5.38 ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 5.38 சுற்று), டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே சுமார் 2300 சுற்று வரும். டி.ஐ.யை அந்தச் சுற்றில் மணிக்கணக்காக ஓட்டினால் கேபினில் பேச முடியாது.

உக்கடம் ஸ்பேர்ஸ்

பழைய இன்ஜின் வாங்கினால் பில்லும், அது வந்த வண்டியின் ஆர்.சி. நகலும் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். இன்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி முன்கூட்டியே வேண்டும், அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தாலும் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. பெட்ரோலிலிருந்து டீசலுக்கு என்றால் எரிபொருளும் மாறுகிறது, அதையும் மறக்காதீர்கள். பெட்ரோலாகவே இருக்கட்டும் என்றால் அம்பாசடரில் வந்த 1.8 இசுசுவும் 75 குதிரைத்திறன்தான், சத்தம் இல்லாமல் ஓடும், ஆனால் அதன் இழுவை மேல்சுற்றில்.

பட்டறைக்காரன்

விரிசல் பிளாக்கில் சரியாக எந்த இடத்தில் என்று சொல்லவில்லையே தம்பி? ஹரிக்கேனில் இன்லெட் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே இருக்கும். சூடேறினால் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் சீட்டுக்கும் பிஸ்டன் ஓடும் போருக்கும் நடுவில்தான் பெரும்பாலும் விரியும். அங்கே என்றால் போருக்குள் ஸ்லீவ் (இரும்புக் குழாய்) இறக்கி, புது சீட் அடித்துக் காப்பாற்றலாம். கடினமான சீட்டாகப் போடச் சொல்லுங்கள், 2000-லிருந்து ஈயம் இல்லாத பெட்ரோல்தான், பழைய மென்மையான சீட் தாங்காது.

கோத்தகிரி பிக்கப்

நீங்கள் சொன்ன அதே இடம்தான் அண்ணா, சீட்டிலிருந்து போர் வரை, விரல் நகம் மாட்டுகிறது. நாளைக்குப் பிளாக்கை கோவைக்கு இறக்குகிறேன், முதலில் தண்ணீர் பிரஷர் டெஸ்ட். வேறு எங்கும் கசியவில்லை என்றால் ஸ்லீவ் போட்டு இதையே கட்டிவிடுகிறேன். கசிந்தால் ஆக்ஸில் அளவை எடுத்துக்கொண்டு மறுபடி இங்கே வருகிறேன்.