விழித்த நிலையில் பிஸ்டுலா ஆபரேஷன்: கையை மட்டும் மரக்கடிக்கும் ஊசி போதுமா?

வைகைக்கரை (கேள்வி):
அப்பாவுக்கு வயது 61, எடை 55 கிலோ. நீண்ட கால சர்க்கரை நோய், இதயத்தின் பம்பிங் 35%. கழுத்துக் குழாய் வழியாக டயாலிசிஸ் நடக்கிறது. மணிக்கட்டுப் பக்கத்து ரத்தக்குழாய்கள் ஊசி குத்தியே அடைத்துவிட்டதால், இடது முழங்கை மடிப்பில் பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைப்பது) போடப் போகிறார்கள். முழு மயக்கம் கிடையாது, காறை எலும்புக்கு மேல் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கடிப்போம் என்கிறார்கள். முழித்திருக்கும்போது கையைக் கிழித்தால் வலிக்காதா? வெட்டுகிற இடத்தில் மட்டும் மருந்து போட்டால் போதாதா? ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறார். என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

மயக்கவியல் மருத்துவர்:
தம்பி, பம்பிங் 35% என்றால் அவர்கள் சொல்வதுதான் சரி. முழு மயக்கத்தில் ரத்த அழுத்தம் சரிந்தால் அந்த இதயத்துக்கும் ஆகாது, புதிதாகத் தைத்த பிஸ்டுலாவுக்கும் ஆகாது. ஓட்டம் குறைந்தால் தையல் போட்ட இடத்திலேயே ரத்தம் உறைந்துவிடும்.

வெட்டுகிற இடத்தில் லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தைப் போட்டும் செய்யலாம். பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். அது அந்த இடத்து வலியை அடக்குவதோடு சரி. காறை எலும்புக்கு மேலோ அக்குளிலோ போடும் ஊசி, கைக்குப் போகும் நரம்புக் கற்றை முழுவதையும் பிடிக்கும். ரத்தக்குழாயைச் சுருக்கி வைக்கும் நரம்புகளும் அதிலேயே வருகின்றன. அவை அடங்கியதும் குழாய் விரியும், கை சூடாகும், தைப்பது எளிதாகும், முதல் சில மணி நேரம் ஓட்டமும் நன்றாக இருக்கும். கிளாஸ்கோவில் 126 பேரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2016-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். 3 மாதம் கழித்து அடைக்காமல் இருந்தவை நரம்பு ஊசி போட்டவர்களில் 84%, வெட்டும் இடத்தில் மட்டும் போட்டவர்களில் 62%. இதனால்தான் நான் நரம்பு ஊசியை வலியுறுத்துகிறேன்.

அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி 20 முதல் 25 மி.லி. மருந்தைச் செலுத்துவார்கள். 55 கிலோ எடைக்கு பூபிவகெய்ன் என்ற மரப்பு மருந்து 110 மி.கி.-க்கு மேல் போகக் கூடாது, 0.5% மருந்தில் 20 மி.லி. போட்டாலே 100 மி.கி. ஆகிவிடும். அதனால் பெரும்பாலும் லிக்னோகெய்னோடு கலந்து, மொத்த அளவைக் கணக்கிட்டுப் போடுவார்கள். முதலில் கை சூடாகும், பிறகு கனக்கும், 20 அல்லது 30 நிமிடத்தில் தூக்க வராது. ஐஸ் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் கத்தி வைப்பார்கள். வலி இருக்காது, இழுப்பதும் அழுத்துவதும் தெரியும். இதை அப்பாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இழுக்கும்போது மரக்கவில்லை என்று பயந்துவிடுவார். எங்காவது சுருக்கென்றால் உடனே சொல்லலாம், அந்த இடத்தில் கூடுதலாகப் போடுவார்கள். மேல்கையின் உட்பக்கத்துக்கு வரும் ஒரு நரம்பு இந்தக் கற்றையில் சேராது. அறுவை அங்கே நீண்டால் தோலில் தனியே மருந்து போட்டாக வேண்டும்.

ஊசி போடும்போது வாயில் உலோகச் சுவை, காதில் ரீங்காரம், உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு என்று எது வந்தாலும் சொல்லச் சொல்லுங்கள். மருந்து ரத்தத்தில் ஏறுவதன் முதல் அறிகுறிகள் அவை. அதற்கு முறிவு மருந்தாக 20% கொழுப்புக் குழம்பு தியேட்டரில் இருக்க வேண்டும்.

முக்கியமான இன்னொன்று: காறை எலும்புக்கு மேல் போடும் ஊசி அந்தப் பக்க உதரவிதானத்தை (மூச்சு இழுக்கும் தசையை) சில மணி நேரம் முடக்கலாம். நுரையீரலில் நீர் கோத்திருப்பவருக்கு அதுவே மூச்சுத் திணறலாகிவிடும். அவருக்குப் படுத்தால் மூச்சு வாங்குமானால் அக்குள் ஊசி போட முடியுமா என்று கேளுங்கள். ரத்தம் கசிந்தாலும் அங்கே அழுத்திப் பிடிக்க வசதி. காறை எலும்புக்கு மேல் போடும் ஊசியால் இமை லேசாகத் தொங்குவதும் குரல் கரகரப்பதும் தானாகச் சரியாகும். குளோபிடோக்ரலை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் வைத்தவர் என்றால் நிச்சயமாகக் கூடாது.

டயாலிசிஸ் நர்ஸ்:
அண்ணா, தயாரிப்பு பற்றி. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் டயாலிசிஸ் முடித்துவிடுங்கள். மறுநாள் ஆபரேஷன் என்று யூனிட்டில் சொன்னால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினைக் குறைப்பார்கள் அல்லது போடாமல் விடுவார்கள். நீரையும் சரியாக இறக்கச் சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரம் மல்லாந்து படுக்க முடியாமல்தான் பலருக்கு ஆபரேஷன் தள்ளிப்போகிறது. காலையில் பொட்டாசியம் பார்ப்பார்கள். சாப்பாடு 6 மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். வெறும் வயிற்றில் வழக்கமான இன்சுலின் போட்டால் சர்க்கரை இறங்கிவிடும், அளவை டாக்டரிடம் கேளுங்கள். இடது கையில் பிரஷர், ரத்தம் எடுப்பது, டிரிப் எதுவும் இனி வேண்டாம்.

முடிந்த பிறகு கை 8 முதல் 12 மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் மரத்திருக்கும். தூக்கினால் தொப்பென்று முகத்தில் விழும். தூளி கட்டி, தூங்கும்போது தலையணைமேல் வையுங்கள். சுடுதண்ணீர்ப் பை, காபி டம்ளர் பக்கத்தில் வரக் கூடாது. சுட்டாலும் தெரியாது. வாட்ச், இறுக்கமான கட்டு கூடாது.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி. ஊசியின் வேகம் இறங்கியபின் எது இயல்பு, எது ஆபத்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மயக்கவியல் மருத்துவர்:
நல்ல கேள்வி. மரத்த கை ஆபத்தையும் மறைக்கும். முதல் ராத்திரி 2 மணி நேரத்துக்கு ஒருமுறை தையலுக்குச் சற்று மேலே விரல் வைத்துப் பாருங்கள். பூனை உறுமுவதுபோல் அதிர்வு தெரிய வேண்டும். அதிர்வு நின்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். சீக்கிரம் போனால் உறைந்ததை எடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

விரல் வெளுத்துச் சில்லிட்டால், பிஸ்டுலா கைக்குப் போக வேண்டிய ரத்தத்தை இழுத்துக்கொள்கிறது என்று பொருள். சர்க்கரை நோயாளிக்கு முழங்கையில் பிஸ்டுலா போடும்போது இன்னொரு அபாயமும் உண்டு. கை சூடாகவே இருக்கும், நாடியும் இருக்கலாம், ஆனால் விரல்களை அசைக்க முடியாது, எரிச்சலோடு கடுமையாக வலிக்கும். ரத்தம் போதாமல் நரம்புகள் சாகத் தொடங்கியிருக்கும். ‘ஊசி இன்னும் இறங்கவில்லை’ என்று இதைத் தள்ளிப்போட்டால் கை நிரந்தரமாக முடங்கும். மரத்த கையில் எரிச்சல் வரக் கூடாது. உணர்ச்சி திரும்பியும் விரல் அசையவில்லை என்றாலோ, 24 மணி நேரம் கடந்தும் மரப்பு அப்படியே இருந்தாலோ அப்போதே கூட்டிப் போங்கள். ஊசி போட்ட நேரத்தைக் குறித்து வையுங்கள்.

டயாலிசிஸ் நர்ஸ்:
அடுத்தடுத்த டயாலிசிஸில் பிரஷர் இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். புது பிஸ்டுலா அடைத்துப்போவது பல நேரம் அப்படித்தான். டாக்டர் சொன்னபின் பந்து அமுக்கலாம். சுமார் 6 வாரத்தில் ஸ்கேன் எடுத்து, ரத்தக்குழாய் 6 மி.மீ. அகலம், தோலிலிருந்து 6 மி.மீ.-க்குள் ஆழம், நிமிடத்துக்கு 600 மி.லி. ஓட்டம் என்று இருக்கிறதா பார்ப்பார்கள். பிஸ்டுலாவில் இரண்டு ஊசியும் போட்டுச் சில டயாலிசிஸ் பிரச்சினை இல்லாமல் ஓடிய பிறகே கழுத்துக் குழாயை எடுக்கச் சம்மதியுங்கள்.