பொய் சொல்ல முடியாத இளவரசன்

எதிரிகள் காதலர்களாகிற 'எனிமீஸ் டு லவ்வர்ஸ்' கதை என்றாலே எனக்கு ஒவ்வாமை. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ அறைகளைப் பூசி மெழுகிய குடும்பத்தில் பிறந்தவள் நான். அதனால் ஹோலி பிளாக்கின் 'தி க்ரூயல் பிரின்ஸ்' நாவலைத் தங்கச்சி என் பையில் திணித்தபோது, பொதிகை எக்ஸ்பிரஸில் தூக்கம் வராத இரவுக்கு ஆகும் என்றுதான் வாங்கிக்கொண்டேன். 2018இல் வந்த நாவல். டார்க் ஃபேன்டஸி, அதாவது ரத்தமும் இருளும் கலந்த மாயக்கதை.

தென்காசி தாண்டும் முன்பே முதல் கொலை. ஏழு வயது ஜூட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அம்மா அப்பாவை மேடாக் வெட்டிச் சாய்க்கிறான். தான் கொன்றவர்களின் ரத்தத்தில் தன் தொப்பியைத் தோய்க்கிற இனத்தவன். பிறகு பிள்ளைகளைத் தேவதைகளின் நாட்டுக்குத் தூக்கிப்போய் அவனே வளர்க்கிறான். கொலைகாரனை அப்பாவாக ஏற்றுக்கொண்டு வளரும் பெண்ணுக்கு எதிரியிடம் காதல் வருவது அத்தனை விசித்திரமாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த எதிரி, அரசரின் கடைசி மகன் கார்டன். (தமிழில் எழுதினால் தோட்டம் மாதிரி இருக்கிறது, என்ன செய்ய.) அவனும் கூட்டாளிகளும் ஜூட்டையும் அவளுடன் பிறந்த இரட்டையையும் ஆற்றில் தள்ளிவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். "அம்மாடி, லைட்டை அணைக்கிறியா?" என்று கீழ் பெர்த்திலிருந்து ஒரு பெரியவரும் இரண்டு முறை கேட்டுவிட்டார். அணைத்துவிட்டு, போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் மறுபடி திறந்தேன்.

திறக்க வைத்தது ஒரு சின்ன விதி. அந்த நாட்டுக்காரர்களால் பொய் சொல்ல முடியாது. மனிதப் பெண்ணான ஜூட்டால் முடியும். மாயமோ ஆயுளோ இல்லாத அவளுக்கு அந்த நாட்டில் இருக்கிற ஒரே சொத்து அதுதான். விஷம் வைத்துவிடுவார்களோ என்று தினம் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் தின்று உடம்பைப் பழக்குகிற பிடிவாதக்காரி வேறு. கடைசியில் கார்டனே அவளிடம் சிக்குகிறான். கத்தி முனையில், உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் உன்னை வெறுக்கிறேன் என்கிறான். வேறு எந்தக் கதையிலாவது இதைக் கேட்டிருந்தால் உயிர் பிழைக்கப் போடுகிற நாடகம் என்று சிரித்திருப்பேன். இவனால் நாடகம் போட முடியாதே! நம்பியே ஆக வேண்டும். ஆனால் ஜூட் பதிலுக்கு என்ன சொன்னாலும் அவன் நம்ப வழியில்லை. ஒரு வருடமும் ஒரு நாளும் தன் சொல்லுக்குக் கீழ்ப்படிவதாக அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, ஏமாற்றி அவன் தலையிலேயே கிரீடத்தை ஏற்றிவைக்கிறாள். அடித்த கை அணைத்ததாக எனக்குத் தெரியவில்லை, அந்தக் கையை அவள் முறுக்கிப் பிடித்திருந்தாள்.

எதிரியாகப் போய்க் காதலியாக நிற்பது நமக்கும் புதிதில்லை. திருவிளையாடல் புராணத்தில் தடாதகைப் பிராட்டி, நம் மதுரை மீனாட்சிதான், படையோடு கைலாயம் வரை போய், சிவனைக் கண்டதும் நாணி நிற்கிறாள். அங்கே ஒரே பார்வையில் முடிந்துவிடுகிறது, இங்கே மூன்று பாகம் இழுக்கிறது. எனக்கு இழுவைதான் பிடித்தது.

அப்புறம் இரண்டாம் பாகம். (படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.) கார்டன் அவளை ரகசியமாக மணந்து ராணியாக்கிவிட்டு, கையோடு நாடு கடத்துகிறான். கிரீடம் மன்னிக்கும்வரை திரும்பக் கூடாதாம். புத்தகத்தைக் கட்டிலில் வீசிவிட்டு இரண்டு நாள் தங்கச்சியிடம் பேசவில்லை. ராணியும் கிரீடம்தானே, தன்னைத் தானே மன்னித்துக்கொள்ளலாமே என்பது மூன்றாம் பாகத்தில் அவன் வாயால் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஜூட்டுக்கும் அதுவரை உறைக்கவில்லை என்பதில் ஒரு ஆறுதல்.

தங்கச்சி படித்த உடனே கண்டுபிடித்துவிட்டாளாம். அவளால் பொய் சொல்ல முடியும்.