புதுப்பிப்பு: ஆத்தங்குடி டைல்ஸ் இணையதளம், ஃபோட்டோஷாப்பிலிருந்து நிரலுக்கு

காரைக்குடியில் ஆத்தங்குடி டைல்ஸ் (கையால் வார்க்கும் சிமென்ட் தரை ஓடுகள்) விற்கும் எங்கள் கடையின் இணையதளத்துக்காக ஃபோட்டோஷாப்பில் வரைந்த பக்கத்தை அப்படியே படமாக ஏற்றலாமா, எச்டிஎம்எல் (பக்கத்தின் உள்ளடக்கத்துக்கு), சிஎஸ்எஸ் (அதன் தோற்றத்துக்கு) நிரலாக எழுதலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். நிரலாகவே எழுதி முடித்துவிட்டோம்.

பெரும்பயன் எழுத்தில்தான் கிடைத்தது. படத்துக்குள் அடைபட்டிருந்த தமிழ் வரிகள் இப்போது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு எழுத்துகளாக இருப்பதால், தேடுபொறிகள் அவற்றைப் படிக்கின்றன, பார்வையற்றோரின் திரைவாசிப்பான் அவற்றை ஒலிக்கிறது, சிமென்ட் விலை ஏறி டைல்ஸ் விலையை மாற்ற நேர்ந்தாலும் ஒரு வரியைத் திருத்தினால் போதும். இந்தக் கடைசி வசதிக்காகவே அப்பச்சி (என் அப்பா) முழு மனதுடன் சம்மதித்தார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவில் வடிவமைப்பாளர் தட்டச்சு செய்திருந்தால், நகலெடுக்கும்போது பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரும், முதலில் யூனிகோடாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

கைப்பேசியில், திரையின் அகலத்துக்கேற்பப் பக்க அமைப்பை மாற்றும் மீடியா குவெரி என்ற சிஎஸ்எஸ் விதிகளால், அருகருகே இருக்கும் பத்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஓரப் பூவேலைகளை, புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகப் படத்தைச் சேமிக்கும் எஸ்விஜி கோப்புகளாக்கியதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்குவதில்லை. கையால் வார்க்கப்படும் டைல்ஸின் நிறச்சாயல்களைக் கோடுகளால் காட்ட இயலாது என்பது என் கருத்து. ஆகவே அவை மட்டும் புகைப்படங்களாகவே நீடிக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மாற்றுரை (படத்தில் இருப்பதைச் சொல்லும் சிறு விவரம்) எழுதி வருகிறோம்.